மூன்று கடைச் சிலிப்பும் எட்டாவது விதியும்

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் சுகன்யா கண் கலங்கி வந்து நின்றாள். மிக்சி, குக்கர், சேலை என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசி செல்போனில் வீடியோ போடுகிற பெண். பேச்சுக்குக் கீழே நாலைந்து கடைகளின் லிங்க் போடுவாள். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் அவளுக்குக் கமிஷன். அதில் ஒரு கடை அவளை நிறுத்திவிட்டதாம். குக்கரின் விலையை வீடியோவில் வாயால் சொல்லியிருக்கிறாள். மறுநாள் விலை மாறிவிட்டது.

"வெலையச் சொன்னது ஒரு குத்தமா பெரியம்மா?"

"குத்தந்தான். நான் அதே குத்தத்தச் செஞ்சப்போ ஒங்க அப்பாவுக்கு மீசை மொளைக்கல" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த நான், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் வாயைக் கொடுக்கிற கஸ்தூரிப் பெரியம்மா. அவள் பார்க்கிற வேலையை, போனும் இல்லாமல் லிங்கும் இல்லாமல், பஸ் டிக்கெட்டை மட்டும் நம்பிப் பதினைந்து வருஷம் பார்த்தவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும். "எழுதி வைங்க பெரியம்மா" என்றாள். எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கித் தொண்ணூறுகள் முடியும்வரை நான் பார்த்த அந்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. ராஜபாளையத்தில் இரண்டு கடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடை. மூன்றுக்கும் ஆள் அனுப்புவேன். பையில் மூன்று கடையின் படப் புத்தகங்களும் மூன்று சிலிப் புத்தகங்களும் இருக்கும். வன்னியம்பட்டி, செட்டியார்பட்டி, சேத்தூர் என்று பஸ் ஏறிப் போவேன். கிரைண்டரோ தையல் மெஷினோ ஃபேனோ வாங்க நினைக்கிற வீட்டில் படத்தைக் காட்டுவேன். எந்தக் கடை என்று அவர்கள் முடிவு செய்ததும் அந்தக் கடைக்கு ஒரு சிலிப் எழுதிக் கொடுப்பேன். சிலிப்போடு போய் அவர்கள் வாங்கினால் கடை எனக்குக் கமிஷன் தரும். முதலில் 'சீட்டு' என்றுதான் சொன்னேன். ஏலச்சீட்டு பிடிக்க வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். அதனால் சிலிப். கொஞ்ச நாளில் நானே சிலிப்பக்கா ஆகிவிட்டேன். சேத்தூரில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே 'திருமதி சிலிப்பக்கா குடும்பத்தார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது அஞ்சாம் வகுப்பு. மீதியைப் பஸ் போர்டிலும் மருந்து டப்பாவிலும் படித்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. போனஸ் பணத்தில் ராஜபாளையத்துப் பெரிய கடையில் ஒரு மிக்சி வாங்கினோம். அந்த மிக்சியைப் பார்க்க வந்த ஆறு பேர் அதே கடைக்குப் போய் அதே மிக்சியை வாங்கினார்கள். ஏழாவது ஆளை நான் கூட்டிக்கொண்டு போனபோது கடை மேனேஜர் என்னைத் தனியாக உட்காரச் சொன்னார். ஏதோ களவுக் கேஸ் என்று நினைத்தேன். வேலை கொடுத்தார். பயிற்சி அன்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்தது.

மேனேஜர் பெயர் வெங்கட்ராஜா. வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் எதுவும் பேச மாட்டார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவர் முன்னால் விதித்தாளை நகர்த்துவார். "சதுவம்மா" என்பார். தெலுங்கில் 'படிம்மா' என்று அர்த்தம். ஆம்பிளையாக இருந்தால் 'சதுவப்பா'. நாம் எந்த விதியை மீறினோமோ அதை நாமே சத்தமாகப் படிக்க வேண்டும். கடையில் ஃபேன் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். படித்து முடித்ததும் "சரே, அர்த்தமாச்சா?" என்பார். அதோடு முடிந்தது. இதைவிட அவர் தன்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம் என்று என்னோடு வேலை பார்த்த ஒரு ஆள் சொன்னான்.

தாளில் பத்து விதிகள். முதல் விதி, படம் காட்டுவதற்கு முன்னாலேயே நமக்குக் கமிஷன் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் சொல்வேன்: "நீங்க இந்தச் சிலிப்போட போய் வாங்குனா கடையில எனக்குக் கமிஷன் குடுப்பாக. இஷ்டம்னா பாருங்க." இதற்கு ஜனங்கள் சொன்ன பதில்களைத் தொகுத்தாலே ஒரு புத்தகம் போடலாம். வன்னியம்பட்டியில் ஒரு பெரியவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, "எங்கிட்ட விக்க வந்தவுகள்ல நெசத்தச் சொன்ன மொத ஆளு நீதான் தாயி. அதனால எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சரம்மா, "கமிஷன் வாங்குறவ வெயில்ல நடந்தா வாரா? ஒனக்கு அம்புட்டா குடுக்கல போலிருக்கே" என்று மோர் கொடுத்தார்கள். சேத்தூரில் ஒருத்தி, "எம்புருசன் எங்கிட்ட இம்புட்டு ஒழுங்கா எதையும் சொன்னதில்லக்கா" என்றாள். அவள் இரண்டு ஃபேன் வாங்கினாள்.

ஆறாம் விதி, சொந்த வீட்டுக்குச் சிலிப் எழுதக் கூடாது. எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வாங்க நினைத்தபோது, இன்னொரு ஏஜெண்டு என்னிடம் வந்து, "நீ எங்க வீட்டுக்கு எழுது, நான் ஒங்க வீட்டுக்கு எழுதுதேன்" என்று யோசனை சொன்னாள். விதித்தாளில் அதற்கும் ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் நம்மைப் போன்றவர்களோடு வெகுநாள் பழகியவர் என்று புரிந்தது. சிலிப் இல்லாமலே வாங்கினோம். ஊருக்கெல்லாம் எழுதுகிற கை வீட்டுக்கு எழுத மாட்டேன் என்கிறதே என்று என் மாமியார் எட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். அதில் மூன்று வீடு கிரைண்டர் வாங்கியது. அவற்றுக்கு எழுதினேன்.

மற்ற இரண்டு கடைகளுக்கும் விதி வேறு. ராஜபாளையத்துப் பாத்திரக் கடைக்காரர், "எங்கடைப் பேரப் பையிலயோ கொடையிலயோ போட்டுக்கிட்டு அலையாதம்மா. நீ யாரோடயாவது சண்டை போட்டா கடையே சண்டை போட்ட மாதிரி ஆயிரும்" என்றார். அது ஒன்றுதான் அவர் விதி. ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் பாய் கடையில் விதி எழுத்தில் இல்லை. அவர் வாயில் இருந்தது. "பொய் சொல்லாதீங்க. வெலை சொல்லாதீங்க. வெலை நான் சொல்லுவேன்." ஏன் விலையைச் சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் ஒரு நாள் வன்னியம்பட்டியில் ஒரு கட்டை மீசைக்காரர் துளைத்து எடுத்தபோது மிக்சி விலையைச் சொல்லிவிட்டேன். அவர் போவதற்குள் புது லோடு வந்து விலை ஏறிவிட்டது. மீசைக்காரர் கடையில் நின்று, "ஒங்க பொம்பள சொன்னா, ஒங்க பொம்பள சொன்னா" என்று சத்தம் போட, பாய் கடைப் பையன்கள் எல்லாரும் சிரிக்க, பாய் நான் சொன்ன விலைக்கே கொடுத்தனுப்பினார். அடுத்த தடவை போனபோது என்னிடம் சாயா கொடுத்துவிட்டு, "கஸ்தூரிம்மா, ஒங்க வாய நான் ஒருவாட்டி காப்பாத்திட்டேன். இனி அத நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். சுகன்யாவின் குற்றத்தை நான் செய்தது அப்போதுதான்.

பெரிய கடையின் நாலாம் விதிதான் என்னைக் கால் தேய நடக்க வைத்தது. 'ஒரே வருகையில் நம் படப் புத்தகத்தோடு வேறு கடையின் படப் புத்தகத்தைக் காட்டக் கூடாது.' வாங்குகிறவர்கள் என்றால் நாலு கடை படத்தையும் பார்க்கத்தான் கேட்பார்கள். நான் விதியைப் பலமுறை படித்துப் பார்த்தேன். ஒரே வருகையில் என்றுதான் போட்டிருந்தது. அதனால் பெரிய கடைப் புத்தகத்தைக் காட்டிவிட்டு, பையைக் கட்டி, செருப்பை மாட்டி, "போயிட்டு வாரேன்" என்று சொல்லித் தெருக்கோடிவரை போவேன். பஸ் நிறுத்தத்தில் உட்காருவேன். பொறவு திரும்பி வந்து கதவைத் தட்டி, "வணக்கம், காதர் பாய் கடையிலருந்து வாரேன்" என்பேன். கமிஷன் விஷயத்தையும் மறுபடி முதலிலிருந்து சொல்வேன். முதல் தடவை ஜனங்கள் எனக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. நான் வெளியே போன இடைவேளையில் உலை வைத்துவிடுவார்கள்.

செட்டியார்பட்டியில் சவரியம்மாள் என்று ஒரு ஆச்சி. நான் இரண்டாவது முறை கதவைத் தட்டியபோது சொன்னார்கள்: "ஆண்டவரோட ரெண்டாம் வருகைக்கு எங்க பாட்டன் காலத்துலருந்து காத்துக் கெடக்கோம். நீ பத்து நிமிசத்துல வந்துட்டியே தாயி."

இதை வெங்கட்ராஜாவிடம் நானே சொன்னேன். அவர் நாலாம் விதியைத் தன் பக்கம் திருப்பி, வாய்க்குள் படித்துப் பார்த்தார். "பஸ் நிறுத்தம்வரைக்கும் போறியா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன். "சரே" என்றார்.

அந்தச் சவரியம்மாளின் மருமகள் அருள்மேரி விஷயத்தைத்தான் நான் எழுத வந்தது.

தீபாவளிக்கு இரண்டரை வாரம் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை அருள்மேரி தையல் மெஷின் வேண்டும் என்றாள். பெரிய கடைப் புத்தகத்தைக் காட்டினேன். ஃபேமிலி மாடல் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பில் தங்கக் கொடி ஓடும், பார்க்க லட்சணமாக இருக்கும். அவளுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வேறு கடைப் படமே வேண்டாம் என்றாள். நான் சிலிப் எழுதினேன். எதற்காக வாங்குகிறாய் என்று கேட்கவில்லை. வாங்குகிறவர்களின் வீட்டு விஷயத்தைக் கிளறக் கூடாது என்பது ஏழாம் விதி. எல்லார் கதையையும் கேட்கிற வாய் எனக்கு. அந்த ஏழாம் விதியைக் காப்பாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செட்டியார்பட்டிக்காரி பேச்சுவாக்கில் சொன்னாள். உள்பாவாடை, நைட்டி தைக்கிற கம்பெனி ஒன்று வீட்டிலிருந்து தைக்கப் புதிதாக ஆள் எடுக்கிறதாம். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வீடுவீடாக வந்து மெஷினைப் பார்ப்பானாம். டெய்லர் மாடல் மெஷின் இருந்தால்தான் துணிக்கட்டுக் கொடுப்பானாம். இந்த விவரம் ஊரில் நிறையப் பேருக்கு இன்னும் தெரியாதாம். "அருள்மேரி கம்மலக் கழட்டி அடகு வச்சு மெஷினு வாங்கப் போறா. நாளைக்குச் சாயங்காலம் போறாகளாம். குடுத்து வச்சவ" என்றாள்.

ஃபேமிலி மாடல் வீட்டுக் கிழிசல் தைக்க. டெய்லர் மாடல் நாள் முழுக்க ஓட. பெரிய கடையில் டெய்லர் மாடல் கிடையாது. காதர் பாய் கடையில் இரண்டு நின்றிருந்ததை நானே பார்த்திருந்தேன். விற்ற மெஷினைப் பெரிய கடை திரும்ப எடுக்காது. அதற்குக் கடையில் போர்டே இருந்தது.

எட்டாம் விதி இது: 'நம் சிலிப் உயிரோடு இருக்கும் பதினைந்து நாளும், அதே வீட்டை அதே பொருளுக்கு வேறு கடைக்கு அனுப்பக் கூடாது.' ஐந்தாம் விதி இது: 'பொருளைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது.' பத்தாம் விதி, மீறினால் சிலிப் புத்தகம் திரும்பப் பெறப்படும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மேனேஜரிடம் போனேன். விவரத்தைச் சொல்லி, அந்தச் சிலிப்பை ரத்துச் செய்துவிடலாமா என்று கேட்டேன்.

"வாங்குறவங்க வந்து கேட்டா ரத்துச் செய்யலாம்."

"அவளுக்கு வெவரம் தெரியாதே சார். தெரிஞ்சாத்தானே வந்து கேப்பா?"

"நீ சொல்லக் கூடாது" என்று தாளை நகர்த்தினார். "சதுவம்மா. அஞ்சு."

படித்தேன்.

"அவளே கேட்டா?"

"கேட்டா சொல்லணும். சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

"கேக்காட்டி?"

அவர் ஒரு ஃபேனின் அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்காட்டி கேக்கலை."

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் செட்டியார்பட்டி போனேன். அருள்மேரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். காதில் கம்மல் இல்லை. துளை மூடிவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தாள்.

"வாங்கக்கா. சாயங்காலம் கடைக்குப் போறோம். சிலிப்ப பைபிளுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்."

"சரி. மெஷினப் பத்தி என்னமும் கேக்கணுமா?"

"அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டீகளே."

"சொன்னது கெடக்கட்டும். கேக்காதது எதாச்சும் இருக்கும்ல."

அவள் யோசித்தாள். "கறுப்புத்தானக்கா?"

"கறுப்புத்தான்."

"அந்தக் கொடி அழியாதுல்ல?"

"அழியாது."

"அம்புட்டுதான்க்கா."

நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன். "இன்னும் கேளு" என்றேன்.

"என்னத்தக்கா கேக்க? பரீட்சை வச்ச மாதிரி இருக்கு."

"பரீட்சைன்னே வச்சுக்க. கேளு."

"மூடி போட்டு வருமா?"

"வரும்."

"மூடிக்குப் பூட்டு உண்டா?"

"உண்டு."

"சாவி எத்தன?"

"ரெண்டு."

எண்ணெய் எந்தத் துளையில் விடுவது என்று கேட்டாள். மெஷின் பக்கத்தில் பிள்ளையைத் தூங்க வைக்கலாமா என்று கேட்டாள். மழைக்காலத்தில் துருப்பிடிக்குமா என்று கேட்டாள். ஒரு மெஷினைப் பற்றிக் கேட்க இத்தனை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் சொன்னேன். சரியான கேள்வியை நானே எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது கேட்காததைச் சொல்வதற்குச் சமம் என்று பட்டது. வெயில் முற்றத்துக்குள் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து சவரியம்மாள் குரல் கொடுத்தார்கள். "ஏட்டி, இவ ஏன் போகாம ஒக்காந்திருக்கா? கமிஷன இப்பவே நம்மகிட்ட கேக்காளா?"

"இல்லத்த. கேள்வி கேக்கச் சொல்லுதாக."

"கேள்வியா? இம்புட்டு நாளா நம்மள ஒருத்தரும் கேள்வி கேளுன்னு சொன்னதில்லையே." ஆச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "சரி, நான் கேக்கேன். இந்தக் கழுத ஒரு நாளைக்கு எத்தன பாவாடை தைக்கும்?"

என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"இது வீட்டுத் துணி தைக்கிற மெஷின் ஆச்சி. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தைக்கலாம். விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் ஓட்டுனா சீக்கிரமே தேஞ்சிரும்."

அருள்மேரி என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப கம்பெனிக்காரன் எந்த மெஷின் கேக்கானாம்?"

"டெய்லர் மாடல்."

"அது அந்தக் கடையில இருக்கா?"

"இல்ல."

"பொறவு எங்க இருக்கு?"

இதுவரை ஐந்தாம் விதி என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்திருந்தது. இந்தக் கேள்வியில் அது கையை விட்டுவிட்டது. இது பொருளைப் பற்றிய கேள்வி இல்லை, கடையைப் பற்றிய கேள்வி. பதில் சொன்னால் எட்டாம் விதி. எங்கள் வீட்டில் அந்தச் சிலிப் புத்தகத்தில்தான் பாதி உலை கொதித்தது. மில்லில் அப்போது வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை கொடுத்தார்கள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றார்கள் சவரியம்மாள்.

அருள்மேரியின் கை அவளை அறியாமல் காதுக்குப் போய் ஈர்க்குச்சியைத் திருகிக்கொண்டிருந்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல, காதர் பாய் கடையில" என்றேன்.

சொன்ன பிறகு மிச்சத்தையும் சொன்னேன். சிலிப் எழுத மாட்டேன், படமும் காட்ட மாட்டேன், அங்கே போய் என் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆச்சிக்கு அது புரியவில்லை. "வழிய மட்டும் சொல்லிட்டுக் கூலி வேண்டாங்கா. இவளுக்கு மேலுக்கு எதும் சொகமில்லையா?" என்று மருமகளிடம் கேட்டார்கள். மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். திங்கட்கிழமை காலை கம்பெனி ஆள் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்து, சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டு, இரண்டு கட்டுத் துணியை இறக்கிவிட்டுப் போனான். அதை அன்றைக்கே பஸ்ஸில் கேள்விப்பட்டேன். நான் அப்போது வெங்கட்ராஜாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

மேசைமேல் சிலிப் புத்தகத்தை வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பூட்டு, சாவி, கொடி எதையும் விடவில்லை. முடித்ததும் தாளை நகர்த்தினார்.

"சதுவம்மா. எட்டு."

படித்தேன். பிறகு பத்தையும் படிக்கச் சொன்னார். கிரைண்டர் வாங்க வந்த ஒரு குடும்பம் சுற்றி நின்று கேட்டது.

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"புகார் இல்லாம நான் நடவடிக்கை எடுக்க முடியாதும்மா." இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். புகார் தருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். எதிராளி என்ற இடத்திலும் என் பெயரை எழுதினார். "ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போடு."

போட்டேன்.

"சாட்சி?"

"அவ மாமியா இருந்தாக."

"கூட்டிட்டு வர முடியுமா?"

"வேண்டாம் சார். அவிய வந்தா நீங்க பேச முடியாது."

சாட்சி இல்லை என்று எழுதிக்கொண்டார். பத்தாம் விதியில் புத்தகம் திரும்பப் பெறப்படும் என்றுதான் இருந்தது, எத்தனை நாளைக்கு என்று இல்லை. அவர் காலண்டரைப் பார்த்தார். "அந்தச் சிலிப்புக்கு இன்னும் ஏழு நாள் உயிர் இருக்கு. அது சாகுறவரைக்கும் ஒன் புத்தகம் இங்க இருக்கட்டும். செவ்வாக்கெழமை வா."

தீபாவளிக்கு முந்தின அந்த வாரம்தான் வருஷத்தில் அதிகமாகச் சிலிப் எழுதுகிற வாரம். மற்ற இரண்டு கடைப் புத்தகங்களோடு அலைந்தேன். எல்லாரும் பெரிய கடை கிரைண்டர்தான் கேட்டார்கள். இந்த வாரம் எழுத முடியாது என்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். சேத்தூரில் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மா கேட்டுவிட்டு, "ஏழே நாளா? எங்க ஆபீஸா இருந்தா மொதல்ல விசாரணைக்கே ஏழு வருசம்" என்றார்கள். அவர்கள் உட்படப் பதினொரு வீட்டுக்காரர்கள் வேறு ஏஜெண்டிடம் எழுதிக்கொண்டார்கள். நான் எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணிவிட்டேன். என் வீட்டுக்காரர் பலகாரத்துக்கு முறுக்கு மட்டும் போதும் என்றார். அவருக்கு முறுக்குப் பிடிக்காது.

காதர் பாய் கடைக்கு வேறு ஒரு ஆள் விஷயமாகப் போனபோது அவர் கேட்டார்: "செட்டியார்பட்டியிலருந்து மாமியாரும் மருமகளும் வந்தாக. மெஷின் எடுத்தாக. ஒங்க ஏரியாதானே? சிலிப்பக் காணோமே."

"எழுதல பாய்."

"ஏன்?"

"எழுதக் கூடாது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சிலிப் இல்லாமல் கமிஷன் கிடையாது என்பது அவர் கடையிலும் வழக்கம். நானும் கேட்கவில்லை. சாயா வந்தது, குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றேன். வெங்கட்ராஜா புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு தாளை வைத்தார். புதிதாக டைப் அடித்த விதித்தாள், மை வாசனை போகவில்லை.

"சதுவம்மா. எட்டு."

எட்டாம் விதியைப் படித்தேன். பழைய வாசகம் அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு வரி கூடியிருந்தது. 'நம் கடையில் இல்லாத பொருளுக்கு இவ்விதி பொருந்தாது.'

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அவருக்கு, இரண்டாவது தடவை எனக்கு.

"இது எப்ப சார் போட்டது?"

"முதலாளிகிட்ட போன வாரம் கேட்டேன். இன்னைக்கு வந்துச்சு. இன்னைலருந்து அமலு."

"அப்ப என்னோட ஏழு நாளு?"

"அது பழைய விதிக்கு" என்றார்.

நான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவர் ரிஜிஸ்டரைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், ரிஜிஸ்டரிடம் பேசுவது போலச் சொன்னார்.

"அந்த எட்ட மீறுனவங்க எத்தனையோ பேர் இருக்காங்கம்மா. ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. சொன்னாத்தானே அது தப்பா எழுதிருக்குன்னு எனக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டேன். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. செட்டியார்பட்டி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.